ஒன்பதும் வந்தால்தான் லைன் ஓடும்

மண்ணூர் பக்கம் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறவங்களுக்குத் தெரியும், இங்கே ஜிம்முக்கு நேரம் காலமே கிடையாது. காலையில் நைட் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் அண்ணன்கள் வருவார்கள். சாயங்காலம் நம்ம மாதிரி காலேஜ் பசங்க. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான கேள்வி ஒன்றுதான்: "என்ன பவுடர் எடுக்குற?"

எங்க ஜிம்முக்கு ஒரு அண்ணன் வருவார். ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர். ஒருநாள் கையில் பளபளவென்று ஒரு டப்பா. பி.சி.ஏ.ஏ. பவுடர், 1,600 ரூபாய். "இது அமினோ ஆசிட் தம்பி. குடிச்சா நேரா சதையில ஏறும்னு சொல்றாங்க. நீ படிக்கிற பையன், உண்மையா சொல்லு" என்றார். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "ஷிஃப்ட்ல லெமன் சாதம், இல்லன்னா பரோட்டா. முட்டைய நிறுத்திட்டேன், காசு இதுக்கே சரியாப் போயிடுது."

முட்டையை நிறுத்திவிட்டு அமினோ அமிலமா? அந்தப் பதில்தான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது.

விஷயம் இதுதான். நம் உடம்பின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் கட்டப்பட்டவை. அதில் 9-ஐ உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும்: லியூசின், ஐசோலியூசின், வேலின், லைசின், மெத்தியோனின், ஃபினைல்அலனின், த்ரியோனின், டிரிப்டோபன், ஹிஸ்டிடின். முதல் மூன்றுக்குத்தான் பி.சி.ஏ.ஏ. என்று பெயர். இதில் லியூசினுக்குத் தனி மரியாதை உண்டு. தசையில் புரதக் கட்டுமானத்தைத் தொடங்கச் சொல்லி சிக்னல் கொடுப்பது அதுதான். டப்பா விளம்பரம் இங்கேயே நின்றுவிடும். ஆனால் சிக்னல் வேறு, சரக்கு வேறு.

அண்ணனிடம் அவர் பாஷையிலேயே சொன்னேன். அசெம்ப்ளி லைனில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தியாச்சு, மூன்று பார்ட் மட்டும் மலைபோலக் குவிந்து கிடக்கு, மிச்சம் ஆறு வரவே இல்லை. என்ன ஆகும்? அவர் உடனே, "சீட் வரலன்னா வண்டி வெளிய போகாது. அதானே?" என்றார். அதேதான். சரக்கு பற்றாக்குறை வந்தால் உடம்பு தன் தசையையே உடைத்து அந்த ஆறையும் எடுக்கப் பார்க்கும். ஒரு முட்டையில் ஒன்பதும் இருக்கிறது, அந்த மூன்றும் சேர்த்து.

நம்ம ஊர்ச் சாப்பாடு ஒன்றும் மோசமில்லை. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடும். பொங்கலும் இட்லியும் சாம்பார் சாதமும் அப்படிப்பட்ட ஜோடிகள்தான். சிக்கல், மெஸ் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது!

எவ்வளவு வேண்டும்? ஐ.சி.எம்.ஆர். 2020-இல் சொன்ன அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கு விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை சொல்கிறார்கள், அதாவது குறைந்தது 84 கிராம்.

இப்போ நம்ம ஸ்டைலில் ஒரு கணக்கு. முட்டை 7 ரூபாய், புரதம் 6 கிராம் என்றால் கிராமுக்கு ஒன்றே கால் ரூபாய்கூட வராது. 3,000 ரூபாய் வே பவுடர், கிலோவில் 750 கிராம் புரதம் என்றால் கிராமுக்கு 4 ரூபாய். சோயா உருண்டை 100 கிராம் 20 ரூபாய் என்று வைத்தாலும், அதில் 52 கிராம் புரதம். கிராமுக்கு 40 பைசாகூட இல்லை. வேர்க்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம்.

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. புரதத்தை அளக்கும் பழைய முறை கெல்டால் முறை. 1883-இல் டென்மார்க்கில் வந்தது. அது புரதத்தை நேராக அளக்காது. நைட்ரஜனை அளந்து, பொதுவாக 6.25-ஆல் பெருக்கும். கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தில் நைட்ரஜன் சுமார் 18.7 சதவீதம். பெருக்கிப் பாருங்க: 10 கிராம் கிளைசினைக் கலந்தால் லேப் ரிப்போர்ட்டில் 11.7 கிராம் "புரதம்"! இதற்குப் பெயர்தான் அமினோ ஸ்பைக்கிங். 2008-இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்து குழந்தைகள் இறந்ததற்குப் பின்னால் இருந்ததும் இதே நைட்ரஜன் தந்திரம்தான். இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2024-இல் 'மெடிசின்' இதழில் வந்தது. ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியில்லை.

அதற்காக எல்லா டப்பாவும் ஏமாற்று என்று சொல்லவில்லை. நல்ல வே பவுடர் என்பது பாலிலிருந்து வரும் முழுமையான புரதம். சாப்பாட்டில் எட்டாத அளவை எட்ட உதவும், அவ்வளவுதான். கிரியேட்டின் நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் பலம் கூடும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது. கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. வாங்கினால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 14 இலக்க உரிம எண்ணைப் பாருங்க. உட்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் தனியாக எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்க.

அண்ணன் டப்பாவைத் தூக்கிப் போடவில்லை, காசு கொடுத்ததாச்சே. ஆனால் மறுபடி வாங்கவில்லை. அந்த 1,600 ரூபாய்க்கு 228 முட்டை என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

நமக்கும் ஒரு வேலை இருக்கு மக்களே. அடுத்த மெஸ் கமிட்டி மீட்டிங்கில் டி.வி., வைஃபை பற்றிப் பேசி முடித்த பிறகாவது, வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் சுண்டல் போடச் சொல்லிக் கேட்போம். 50 கிராம் கொண்டைக்கடலை ஊறப்போட்டால் ஒரு ஆளுக்கு 9 கிராம் புரதம் கியாரண்டி. கூடவே சாம்பாரில் கொஞ்சம் பருப்பும்.