மலையை வலம்வரும் மிதிவண்டி

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. பௌர்ணமி நாளில் மக்கள் வெள்ளத்தால் நிறையும் அப்பாதை, பிற நாள்களின் விடியற்பொழுதில் அமைதி பூண்டு விளங்கும். மிதிவண்டி ஓட்டும் மகளிர்க்கு அதனினும் நல்லதோர் உடற்பயிற்சிக் களம் வேண்டுமோ? விரையாது மிதித்தாலும் ஒரு மணி நேர அளவில் மலையைச் சுற்றிவிடலாம். வளர்ந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரம் மும்முறை வலம்வருவோர் அவ்வளவையும் கடந்துவிடுவர்.

ஆயினும், சில வாரம் மிதித்தபின், 'எடை குறையவில்லையே' என்று சோர்வடைவோர் உளர். எடை பார்க்கும் கருவி கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டுவதில்லை. கொழுப்பு கரையும்போதே தசை வளர்ந்தால், எடை மாறாது நிற்றலும் உண்டு. பயிற்சியால் மிகுந்த பசிக்கு அளவின்றி உண்பது உழைப்பை வீணாக்கும். மெலிய விரும்பிப் பட்டினி கிடப்பதோ உழைக்கும் வலிமையையே பறிக்கும். மூச்சிரைக்காமல் மேடேறுதலும், அயர்வின்றி அன்றாடப் பணி ஆற்றுதலும், இரவில் நன்கு உறங்குதலுமே நலத்தின் அடையாளங்கள்.

மிதிவண்டி பெண்களுக்கு எளிதிற் கிட்டிய உரிமையன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் ஏளனத்தைப் பொருட்படுத்தாது வண்டியேறினர். அன்று ஊரார் சொல்லுக்கு அஞ்சாத அம்மகளிரின் வழிவந்தோர், இன்று ஓர் எண்ணுக்கு அஞ்சி வண்டியினின்று இறங்குதல் தகுமோ?