நாங்கள் செய்த கல்

முதலாவது கல் கையில எடுத்த உடனேயே பொலபொலவெண்டு கொட்டுப்பட்டது. இரண்டாவது செக்கச் செவேலெண்டு வந்தது. மூன்றாவதைத்தான் கல் எண்டு சொல்லலாம். இடையில ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் ஒரு வாளியும் போச்சுது. வாளிக்காக அம்மம்மா இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறா.

ஆர்ட்ஸ் படிக்கிற நாலு பேர் ஸ்டடி லீவுக்குள்ள ஏன் கல் செய்தனாங்கள் எண்டு கேட்கலாம். காரணம் லெட்டர்பொக்ஸிங். 1854 இல இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில ஜேம்ஸ் பெரட் எண்டொரு வழிகாட்டி, கிரான்மியர் பூல் எண்ட சதுப்பு இடத்தில ஒரு போத்தலை வைச்சார். அவ்வளவு தூரம் நடந்து போற ஆக்கள் தங்கட பெயர் அட்டையை அதுக்குள்ள போட்டுட்டு வருவினம். பிறகு தபாலட்டைகளை விட்டுட்டு வரத் தொடங்கிச்சினம், அடுத்ததா வாற ஆள் அதை எடுத்துக்கொண்டு போய்த் தபாலில சேர்க்கும். பெயர் வந்தது அப்பிடித்தான். இப்ப பெட்டிக்குள்ள ஒரு கொப்பியும் ஒரு றப்பர் முத்திரையும் இருக்கும். குறிப்பை வாசிச்சுத் தேடிக் கண்டுபிடிக்கிற ஆள் தன்ர முத்திரையைப் பெட்டியின்ர கொப்பியிலயும், பெட்டியின்ர முத்திரையைத் தன்ர கொப்பியிலயும் குத்த வேணும். பரிசு ஒண்டும் இல்லை. எங்களுக்குப் பிடிச்சதே அதுதான்.

பெட்டியை ஒளிக்கப் பொய்க்கல் செய்வம் எண்டு முடிவெடுத்தம். (டார்ட்மூர்க்காரரின்ர விதிப்படி பெட்டி வைக்கச் சீமெந்து பாவிக்கக் கூடாது எண்டு பிறகுதான் வாசிச்சனாங்கள்.) ஆங்கிலக் குறிப்புகளில சீமெந்தோட பீற் பாசியும் பேர்லைற்றும் கலக்கச் சொல்லியிருந்தது. கல் பாரமில்லாமல் இருக்கத்தான் அது. எங்களிட்ட இருந்தது தும்புத்தூள். ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு தும்புத்தூள். தும்புத்தூளைக் காய்ஞ்சபடியே போட்டதாலதான் முதல் கல் கொட்டுப்பட்டது. சீமெந்துக்குத் தேவையான தண்ணியை எல்லாம் அது குடிச்சிட்டுது. முதல்நாள் இரவே ஊறப்போட்டுப் பிழிஞ்செடுக்க வேணும். கையுறை போடாமல் குழைச்ச ஒருத்தனுக்கு விரலிடுக்கெல்லாம் வெந்துபோய், ஒரு கிழமை கரண்டியாலதான் சோறு சாப்பிட்டவன்.

அச்சுக்கு வளவில ஒரு கிடங்கு வெட்டினனாங்கள். கிடங்கின்ர அடிதான் கல்லின்ர மேல்பக்கம். முதல்ல ஒரு படை கலவை, அதுக்கு மேல எண்ணெய் பூசின பொலித்தீனால சுத்தின பெட்டி, பிறகு சுத்திவரக் கலவை. இரண்டு நாளால கிளப்பிப் பெட்டியை உருவினா உள்ளுக்கு ஒரு குழி மிஞ்ச வேணும். இரண்டாவது தரம் பொலித்தீன் கிழிஞ்சு பெட்டி கல்லோட ஒட்டிப்போச்சுது. கிடங்கின்ர செம்மண்ணும் கல்லெல்லாம் அப்பிக்கொண்டுது. புவியியல் படிக்கிறவள் அதைப் பார்த்திட்டு, "யாழ்ப்பாணத்தில சிவப்புக் கல்லை எங்கயடா கண்டனீங்கள்?" எண்டு கேட்டாள். உண்மைதானே. இஞ்ச எங்க தோண்டினாலும் வாறது சுண்ணக்கல். சாம்பல் வெள்ளை, உடம்பெல்லாம் ஓட்டை.

ஓட்டைக்கு வழி சொன்னது அவள்தான். கிடங்குக்குள்ள ஆற்றுமணல் பரவி, அதில கல்லுப்பைத் தூவினனாங்கள். சீமெந்து இறுகின பிறகு தண்ணி ஊத்தக் கல்லுப்புக் கரைஞ்சு போச்சுது, அது இருந்த இடமெல்லாம் ஓட்டை. கரித்தூளைத் தண்ணியில கரைச்சு வடியவிட்டா மழைக்கறை மாதிரி வரும். பாசி பிடிக்க மோர் ஊத்தச் சொல்லினம், எங்களுக்கு எறும்புதான் பிடிச்சது. சீமெந்து முழுப்பலம் எடுக்க 28 நாள் வேணுமாம். பத்தாம் நாளே ஈரச்சாக்கை எடுத்துப்போட்டு, பழைய மதிலடியில கிடந்த கல்லுக் குவியலுக்குள்ள வைச்சம். அம்மம்மா ரெண்டுதரம் தேடியும் கண்டுபிடிக்கேல்லை. எங்களுக்குத் தலைகால் தெரியேல்லை.

அடுத்தநாள் நாலாவது ஆள் வந்தாள். அவளின்ர ஊர் வன்னி. முத்திரையை அழிறப்பரில வெட்டினது அவள்தான், கல்லை மட்டும் அதுவரைக்கும் பார்க்கேல்லை. குறிப்பைக் குடுத்தம். ரெண்டு நிமிசத்தில கல்லுக்கு முன்னால போய் நிண்டுட்டாள். நிண்டவள் நிண்டபடியே.

"தூக்கன்."

"நீங்கள் ஆராவது தூக்குங்கோ."

பயந்திட்டியா எண்டு ஒருத்தன் சிரிச்சான். அவள் சிரிக்கேல்லை. "கல்லு வடிவா வந்திருக்கு. அதுதான்" எண்டாள்.

2010 க்குப் பிறகு ஊருக்குத் திரும்பின குடும்பம் அவளுடையது. பள்ளிக்கூடம் போற வழியெல்லாம் சிவப்புப் பலகையும் மண்டையோடும். தெரியாத சாமானைத் தொடாதே, தூக்காதே, அதுக்குக் கல் எறியாதே, வந்த அடியிலேயே திரும்பிப் போ, பெரியாக்களுக்குச் சொல்லு. மிதிவெடி பற்றி வகுப்பில சொல்லித் தந்ததை வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிச்சாள். இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில சேர்ந்தது 2017 இல. கண்ணிவெடி அகற்றுற ஆக்களை இப்பவும் அவளின்ர பக்கம் காணலாம். நாங்கள் மற்ற மூண்டு பேரும் ரவுணுக்குள்ள வளர்ந்தவை. சுவரொட்டிகளைப் பார்த்திருக்கிறம், அதோட சரி.

இந்தக் கல்லை நாங்கள் வளவுக்குள்ள வைச்சிருக்க நினைக்கேல்லை. கடற்கரைப் பக்கம் கூரையில்லாமல் நிக்கிற பழைய வீடொண்டில வைக்கிறதுதான் திட்டம். குறிப்பை வைச்சுத் தேடுற ஆளுக்கு அது விளையாட்டு. விறகு பொறுக்கப் போற அம்மாவுக்கு? ஆடு மேய்க்கிற பெடியனுக்கு? ஆமி கண்டெடுத்தா "இது டார்ட்மூர் மரபு" எண்டு என்ன மொழியில விளங்கப்படுத்துறது? 2006 இல மொஸ்கோவில பிரித்தானிய உளவுக்காரர் பொய்க்கல்லுக்குள்ள கருவி வைச்சவை எண்டு ரஷ்யா குற்றம் சாட்டினது. 2012 இல டொனி பிளேயரின்ர பழைய அலுவலகத் தலைவரே அதை ஒப்புக்கொண்டார். அந்தக் கதையை நாங்கள் பகிடியாச் சொல்லிச் சொல்லித்தான் சீமெந்து குழைச்சனாங்கள்.

ரெண்டு நாள் சண்டை. "அப்ப இந்த மண்ணில நாங்கள் ஒண்டும் விளையாடக் கூடாதோ?" எண்டு ஒருத்தன் கத்தினான். "விளையாடு. கல்லுக்கு மேல எழுதிப்போட்டு விளையாடு" எண்டாள் அவள். எழுதினாப் பிறகு அதென்ன ஒளிப்பு? கல்லுப்பை ஒவ்வொண்டாத் தூவினவளுக்கு அழுகையே வந்திட்டுது. எங்களுக்கும் மனமில்லை, உண்மையைச் சொன்னா. இவ்வளவு பாடுபட்டதே ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டுதானே.

கடைசியில நீலப் பெயின்ற்றால எழுதினம்: "கல் இல்லை. தூக்கலாம்." கடற்கரைக்குக் கொண்டுபோகேல்லை. வளவுக்குள்ளேயே, கேற்றுக்குக் கிட்ட, வீட்டுக்காரர் சம்மதிச்ச இடத்தில வைச்சாச்சு. கல்லைக் கண்டுபிடிக்கிறது இப்ப சுகம், அதால குறிப்பைக் கடுமையாக்கிட்டம். மூண்டு ஒழுங்கையும் ஒரு கோயில் மணியும் எண்ணித்தான் அந்தக் கேற்றுக்கு வரலாம். எங்கட கருத்தில அது முந்தினதை விட நல்ல விளையாட்டு. புவியியல்காரி இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை.

கொப்பியில இதுவரைக்கும் ஒன்பது முத்திரை. வன்னிக்காரி கல்லை இன்னும் தூக்கேல்லை. நாங்கள் கொப்பியை எடுத்துக் குடுத்தா முத்திரையைக் குத்திப்போட்டு, தேதியையும் எழுதித் திருப்பித் தருவாள். கடைசியா எடுத்தபோது ஓரத்தாள் எல்லாம் ஈரம். மாரி தொடங்க முதல் பெட்டியின்ர மூடியை மாத்த வேணும்.