நடப்பவர்களுக்குப் பின்னால் ஒரு குட்டி யானை

ஆகஸ்ட் பிறந்தால் மூலக்கொத்தளம், ராயபுரம் பக்கம் காவி உடைகள் தென்படும். வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறவர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 300 கிலோமீட்டருக்கும் மேல். 29-ம் தேதி கொடியேற்றத்துக்கோ, செப்டம்பர் 8 திருவிழாவுக்கோ போய்ச் சேர வேண்டும்.

கூடவே ஒரு குட்டி யானையும் கிளம்பும். அரிசி, அடுப்பு, தண்ணீர் கேன், பைகள் எல்லாம் அதில்தான். ஓட்டுகிறவர் பெரும்பாலும் அதே தெருக்காரர். இருட்டில் நடப்பவர்களின் பின்னால் இண்டிகேட்டரைப் போட்டபடி ஊர்ந்து வருவார். வேகமாக வரும் பஸ்ஸுக்கு ஆள் நடப்பது தெரிய வேண்டுமே! விடிந்ததும் முந்திப் போய், தண்ணீரும் நிழலும் உள்ள இடம் பிடிக்க வேண்டும். மரக்காணம் உப்பளங்கள் பக்கம் நிழலுக்குப் பெரும்பாடு.

அதைவிடச் சங்கடம், கால் புண்ணானவர்கள். "வண்டியில ஏறினா பொருத்தனை போயிடும் தம்பி" என்று நொண்டிக்கொண்டே நடப்பார்கள். வெறும் கொப்புளம் என்றால் துணி சுற்றி அனுப்பலாம். கால் வீங்கி, காய்ச்சலும் வந்துவிட்டால்? திட்டு வாங்கினாலும் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதுதான் சரி. தேறியதும், ஏற்றிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டால் கோபம் போய்விடும்.

நாகப்பட்டினம் தாண்டினால் கூட்டத்தில் வண்டி நகராது. ஓரங்கட்டிவிட்டு, கடைசித் தூரத்தை ஓட்டுநரும் நடந்தே போகிறார்.