இரண்டு கட்டிகள், ஒரே தோற்றம்

பல் துலக்கினாலும் காற்றுப் பட்டாலும் முகத்தின் ஒரு பக்கம் மின்சாரம் பாய்ந்தாற்போல் வலிக்கிறது என்கிறார் ஒரு நோயாளி. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் நடுவே ஒரு கட்டி. டி1 படத்தில் கறுப்பு, டி2 படத்தில் வெள்ளை. மூளையைச் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரின் நிறமும் அதுவே.

நீர்க்கட்டி என்று எழுதிவிட்டுப் போய்விடலாமா? அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் அங்கேதான் நிதானிப்பார். அந்த இடத்தில் அராக்னாய்ட் கட்டியும் எபிடெர்மாய்டும் ஒன்றுபோலவே தோன்றும். முன்னது, மெல்லிய சவ்வுக்குள் தண்டுவட நீர் தேங்கியது. தொல்லை தராவிட்டால் தொடாமலே விட்டுவிடலாம். பின்னது, கரு உருவாகும்போது தோலின் செல்கள் உள்ளே சிக்கிக்கொண்டதால் வருவது. செல்கள் உதிர உதிர, கெரட்டினும் கொலஸ்ட்ராலும் ஆண்டுக்கணக்கில் சேரும். இரண்டுமே புற்றுநோய் அல்ல. ஆனால் சிகிச்சை வேறு.

முதல் சந்தேகத்தைக் கிளப்புவது ஃப்ளேர் படம். நீரின் ஒளியை அணைத்துவிடும் முறை அது. அராக்னாய்ட் அதில் முழுக்கக் கறுத்துவிடும். எபிடெர்மாய்ட் அழுக்குச் சாம்பலாய் மிஞ்சும். அடுத்தது டிஃப்யூஷன். நீர் மூலக்கூறுகள் தாராளமாக அலையும் அராக்னாய்ட் அதில் கறுப்பு. எபிடெர்மாய்டோ பளீரென்று வெள்ளை.

அதோடு வேலை முடிவதில்லை. கட்டி ரத்தக்குழாயை ஒதுக்கித் தள்ளுகிறதா, சுற்றி வளைத்திருக்கிறதா? தள்ளுவது அராக்னாய்டின் இயல்பு. இடுக்குகளில் புகுந்து குழாயையும் நரம்பையும் அணைத்துக்கொள்வது எபிடெர்மாய்டின் இயல்பு. நரம்போடு ஒட்டிய கட்டியின் உறையை அறுவை மருத்துவர் சில சமயம் விட்டுவைக்க வேண்டிவரும். பிறகு அந்தக் குழியில் நீர் மட்டும் நிறைந்திருக்கிறதா, மிச்சம் வளர்கிறதா என்பதையும் டிஃப்யூஷன்தான் காட்டும்.

எல்லாக் கட்டிக்கும் எம்.ஆர்.ஐ.யே பெரிது என்றும் சொல்லிவிட முடியாது. மூளையின் மூன்றாம் அறையின் கூரையில், முன்பக்கம் வரும் கொலாய்ட் கட்டி எம்.ஆர்.ஐ.யில் பல நிறம் காட்டும். சில சமயம் மூளையின் நிறத்திலேயே கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். சாதாரண சி.டி.யில் அது பெரும்பாலும் உருண்டையாக, வெளுப்பாகத் துலங்கும். மூளை அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்-ரே எடுக்கும் முறையை 1918-ல் கொண்டுவந்த அமெரிக்கர் வால்டர் டேண்டிதான், 1921-ல் இந்தக் கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியவர்.

சிறியதானாலும் அது இருக்கும் இடம் ஆபத்தானது. நீர் வடியும் வாயை அடைத்தால் அறைகள் வீங்கும். திடீர் மரணமும் நேர்ந்திருக்கிறது. அறைகள் விரிந்திருப்பதைக் கண்ட ரேடியாலஜிஸ்ட், ரிப்போர்ட் டைப் ஆகட்டும் என்று காத்திருக்க மாட்டார். நியூரோசர்ஜனுக்கு உடனே போன் போடுவார்.