வகுப்பறைக்கு முன் பயிற்சி

நடுவண் அரசு அலுவலகத்தில் எழுத்தர் பணிக்கு வருவோர் தட்டச்சுத் தேர்வில் தேறியாக வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. தட்டச்சு நிலையத்தில் நாம் முதலில் பழக்கியது விரல்களை. சுண்டுவிரல் தடுமாறினால், அவ்விரலுக்குரிய எழுத்துகளை மட்டும் தாள் நிறைய அடிக்கச் செய்வார் ஆசிரியர். பிழைகளைச் சுழித்துக் காட்டுவார், மீண்டும் அடிப்போம். கோப்புகளைக் கையாளும் நமக்கே இத்துணைப் பயிற்சி வேண்டுமெனின், குழந்தைகளின் உள்ளத்தைக் கையாளும் ஆசிரியருக்கு எத்துணை வேண்டும்!

இவ்வகைப் பயிற்சியை ஆராய்ந்தவர் ஆண்டர்ஸ் எரிக்சன் என்னும் உளவியல் அறிஞர். பெர்லினில் வயலின் பயின்ற மாணவரை ஆய்ந்து, அவரும் தோழரும் 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குறையைக் குறிவைத்துத் திருத்தம் பெற்று மீண்டும் செய்து பார்க்கும் பயிற்சியே தேர்ச்சிக்கு வழி என்று அதில் வற்புறுத்தினர்.

ஆசிரியக் கல்வியில் இதற்கு ஒப்பானதொரு முறை 1963-இலேயே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிவிட்டது. நுண்ணிலைக் கற்பித்தல் என்பது அதன் பெயர். வினாக் கேட்டல், விளக்குதல், கரும்பலகையில் எழுதுதல் ஆகியவற்றுள் ஒரு நேரத்தில் ஒரு திறனே பழகப்படும். நம் நாட்டு முறையில் 6 நிமிடம் கற்பித்தல். 6 நிமிடம் நிறைகுறை கேட்டல். 12 நிமிடம் பாடத்தைத் திருத்தி அமைத்தல். மீண்டும் 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் கேட்டல். ஆக 36 நிமிடங்களில் ஒரு சுற்று முடியும். உடன் பயில்வோரே பெரும்பாலும் மாணவராய் அமர்வர்.

புணே நகருக்கு இப்பொருள் புதிதன்று. 1848-இல் இங்குள்ள பிடே வாடாவில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். சாவித்திரிபாய் அகமதுநகரில் ஃபாரர் அம்மையாரிடம் பயிற்சி பெற்றவர் என வரலாறு எழுதியோர் கூறுவர். 1882-இல் ஹண்டர் கல்விக்குழுவிடம் அளித்த அறிக்கையில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை இயன்றவரை உழுகுடியிலிருந்தே தேர்ந்து பயிற்றுவிக்க வேண்டும் என்றார் ஜோதிராவ். கலப்பையின் கைப்பிடியைப் பற்ற நாணாதவராய் அவர்கள் இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். படைத்துறைத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் நாடிக் கட்கி, தேகு ரோடு முதலிய இடங்களுக்குத் தமிழர் பலர் வந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் மராத்தியில் சிந்திக்கின்றனர். நம் குடியிருப்பில் ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில் கற்பிப்போர் எழுத்தரும் இல்லத்தரசியருமே. ஒருநாள் ஒரு சிறுவன், "மராத்தியில் ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எழுத்து உண்டு, தமிழில் ‘க’ ஒன்றே பல ஒலி தருவது ஏன்?" என்று வினவினான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கூறினர். அடுத்த திங்களில் வகுப்பில் பாதிப் பேரே எஞ்சினர்.

அப்பொழுது, ஆசிரியக் கல்வி பயிலும் நண்பர் மகள் ஒருத்தி முன்வந்தாள். வகுப்பிற்கு முன் நம்மை மாணவராய் அமர்த்தி, மூத்த அம்மையார் ஒருவரை அவ்வினாவிற்கு மட்டும் 6 நிமிடம் விடையளிக்கச் செய்தாள். முடிந்ததும், "அத்தை, விளக்கம் நன்று, பிள்ளைகள் ஒருமுறையேனும் வாய் திறந்தார்களா?" என்று பணிவுடன் கேட்டாள். அம்மையார் பாடத்தை மாற்றியமைத்தார். காகம், சங்கு, பாக்கு என்று எழுதி உரக்கப் படிக்கச் செய்தார். எழுத்து நிற்கும் இடமே ஒலியை முடிவு செய்கிறது என்பதை மாணவராய் அமர்ந்த நாமே கண்டுரைத்தோம். அன்று மாலை சிறுவரும் அவ்வாறே கண்டனர்.

விடை அறிந்த பெரியோர் குழந்தைகளைப் போல் வியப்பதில்லை. ஆதலின் இப்பயிற்சி மட்டும் போதாது. 2014-ஆம் ஆண்டு விதிகள் ஆசிரியக் கல்வியை ஈராண்டாக்கி, 20 வாரம் பள்ளியில் பழக வேண்டும் என்று வகுத்தமை இதனாலன்றோ? எனினும் முதற்பிழைகளை நம்மிடையே செய்து திருத்திக்கொண்டபின் குழந்தைகள் முன் நிற்பதே முறை. வாரத்தில் ஒரு மணி நேரமே தமிழுக்குக் கிடைக்கும் பிள்ளைக்கு அது வீணாகலாகாது. நம் சங்கங்கள் தமிழ் வகுப்புகளைத் தொடங்குமுன், கற்பிக்க வருவோர்க்கு இவ்வரைமணிப் பயிற்சியை ஏற்பாடு செய்யுமாக.