சகோதரச் சங்கங்களும் நம் மாணவர்களும்

அமெரிக்காவுக்குப் படிக்கப் புறப்படும் நம் பிள்ளைகள் பாடத்தைப் பற்றியும் செலவைப் பற்றியும் என்னிடம் விசாரிப்பதுண்டு. அங்கே கால் வைத்தவுடன் அவர்களை வரவேற்று அழைக்கும் சங்கங்களைப் பற்றி விசாரிப்போர் அரியர். ஆதலின் அவற்றைக் குறித்துச் சில கூற விரும்புகிறேன்.

ஆடவர் சங்கத்துக்குப் ‘பிரட்டர்னிட்டி’ என்றும், பெண்கள் சங்கத்துக்குச் ‘சொரோரிட்டி’ என்றும் பெயர். இலத்தீன் மொழியில் சகோதரன், சகோதரி எனப் பொருள்படும் சொற்களிலிருந்து பிறந்தவை இவை. சங்கங்களுக்குக் கிரேக்க எழுத்துக்களால் பெயர் சூட்டும் வழக்கம், 1776இல் வர்ஜீனியாவில் தோன்றிய ‘ஃபை பீட்டா காப்பா’வோடு துவங்கிற்று. 1870இல் இந்தியானாவில் ‘காப்பா ஆல்பா தீட்டா’ என்னும் பெண்கள் சங்கம் ஏற்பட்டது.

புது மாணவர்களை விருந்துக்கு அழைத்துப் பழகிப் பார்ப்பார்கள். பிடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, சில வாரங்களுக்குப்பின் இரகசியச் சடங்கோடு அங்கத்தினராக்குவார்கள். சந்தா உண்டு. பல சங்கங்களுக்குத் தனி வீடும் உண்டு. ஊரைவிட்டு வந்த பிள்ளைக்கு உற்றார்போல் துணையும், பிற்காலத்தில் உத்தியோகத்துக்குச் சிபார்சும் கிடைப்பது மெய்யே.

ஆயினும், சகோதரத்துவம் என்று பெயர் வைத்துக்கொண்டால் போதுமா? வெள்ளையர் மாத்திரமே சேரலாமென்று பல சங்கங்கள் விதியிலேயே நெடுங்காலம் எழுதி வைத்திருந்தன. பிறப்பைக் கேட்டுக் கதவு திறக்கும் அவ்வழக்கத்துக்கும் நம்மவரின் ஜாதி வழக்கத்துக்கும் என்ன வேற்றுமை? ஒதுக்கப்பட்ட கறுப்பு மாணவர்கள் அக்கதவண்டை கெஞ்சி நிற்கவில்லை. 1906இல் கார்னெல் சர்வகலாசாலையில் எழுவர் கூடி ‘ஆல்பா ஃபை ஆல்பா’வை நிறுவினர். 1908இல் ஹோவர்டு சர்வகலாசாலைப் பெண்கள் ‘ஆல்பா காப்பா ஆல்பா’வைத் தோற்றுவித்தனர். மார்ட்டின் லூதர் கிங் முற்கூறிய சங்கத்தில் அங்கத்தினராயிருந்தவர்.

மற்றொரு தீங்கு ‘ஹேசிங்’ என்னும் கொடுமை. சேர வந்தவனை இழிவுபடுத்துவதும், அளவின்றிக் குடிக்க வற்புறுத்துவதும் அது. 2017இல் பென்சில்வேனியாவில் 19 வயது மாணவர் ஒருவர் இவ்விதம் குடிப்பிக்கப்பட்டு, படியில் விழுந்து, பின் மாண்டார். மறு ஆண்டே அம்மாநிலம் தண்டனையைக் கடுமையாக்கிற்று. இக்குற்றம் புரிந்த சங்கங்களின் விவரத்தைக் கல்லூரிகள் பகிரங்கப்படுத்த வேண்டுமென 2024 டிசம்பரில் நாடு முழுமைக்கும் சட்டம் பிறந்தது.

மாணவர்காள், அழைப்பு வந்தால் முதலில் அந்த அறிக்கையை வாசியுங்கள். எவரை வெளியே நிறுத்துகிறார்கள் என்றும் பாருங்கள். பால்மரம் வெட்டியும் கடையில் கணக்கெழுதியும் பெற்றோர் சேர்த்த பணத்தில் போகிறீர்கள். நட்பை நாடுவது தகும். அதற்கு விலையாகச் சுயமரியாதையைக் கேட்கும் வீட்டிலிருந்து அன்றே வெளியேறிவிடுங்கள்.