புஷ்பவதி நதிக் கரையில்

ஹிமாலயத்திற்குப் போகிறவர்கள் பெரும்பாலும் புண்ணியம் தேடிப் போவார்கள். நாங்கள் பூப் பார்க்கப் போனோம். "பூவுக்காகவா இவ்வளவு தூரம்?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். "ஸ்வாமிக்குச் சாத்துகிற பூவை அது பூத்த இடத்திலேயே போய்ப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டு என் மனைவி அவர் வாயை அடைத்துவிட்டாள்.

உத்தராகண்டில் பத்ரிநாத் போகிற சாலையில் ஜோஷிமடத்தைத் தாண்டினால், அலகநந்தாவோடு லக்ஷ்மண கங்கை வந்து சேருகிற கோவிந்தகாட் என்னும் சிற்றூர் இருக்கிறது. 2013 ஜூன் மாதத்துப் பெருவெள்ளம் இவ்வூர்ப் பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. புல்னா கிராமம் வரையில் வண்டி போகும். அதற்கப்பால் சொந்தக் கால். அல்லது கோவேறு கழுதையின் கால். சுமார் 10,000 அடி உயரத்திலுள்ள காங்கரியாவை நாங்கள் அடைந்தபோது மாலை மங்கி, மழையும் பிடித்துக்கொண்டது. ஹேமகுண்ட ஸாஹேப்புக்குப் போகும் சீக்கிய யாத்திரிகர்களால் ஊர் நிறைந்திருந்தது.

மறுநாள் காலையில் வழிகாட்டியாக வந்தவர் பியூண்டார் கிராமத்துப் பெரியவர். அறுபதைத் தாண்டியவர். எங்கள் சோற்று மூட்டையையும் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறினார். மூச்சு வாங்குகிற பொறுப்பு முழுவதும் என்னைச் சேர்ந்தது.

முதலில் காடு. உரித்த பட்டை தொங்கும் பூர்ஜ மரங்கள். நம் முன்னோர் காகிதமாக்கி எழுதியது இந்தப் பட்டையில்தான். மரநிழலில், பாம்பு படமெடுத்தது போல் ஒரு பூ நிமிர்ந்து நின்றது. காடு முடிந்ததும் பள்ளத்தாக்கு சட்டென்று விரிந்தது. இருபுறமும் பனி மலைகள். நடுவில் புஷ்பவதி நதி. கரை முழுவதும் பூ! ரோஜா நிறத்தில் காட்டுக் காசித்தும்பை இடுப்பளவு நின்றது. அதன் காயைத் தொட்டதும் வெடித்து விதை சிதற, என் மனைவி சின்னப் பெண்போல் சிரித்தாள். பாறை இடுக்கில், முள் அடர்ந்த தண்டின்மேல் நீல நிறக் கசகசாப் பூ ஒன்று மழைத்துளியோடு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆகாயத்தில் அன்று இல்லாத நீலம் அதில் இருந்தது. மாதக் கணக்கில் பனிக்கடியில் கிடக்கும் நிலம், ஜூன் முதல் ஸெப்டம்பருக்குள் முளைத்துப் பூத்துக் காய்த்து முடித்துவிட வேண்டியிருக்கிறது. ஜூலை, ஆகஸ்டுதான் உச்சம்.

1931-ஆம் வருஷத்தில் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்து மயங்கினார். 1937-இல் மறுபடியும் வந்தார். அடுத்த வருஷம் புத்தகம் எழுதினார். 1939-இல் பூச்செடிகள் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற மாது, பாறைச் சரிவில் கால் வழுக்கி இறந்துபோனாள். அவள் சமாதி இங்கேயே இருக்கிறது. நாங்கள் சிறிது நேரம் அங்கே பேசாமல் நின்றோம்.

ஸ்மைத் இவ்விடத்தைக் 'கண்டுபிடித்தார்' என்று நம்மவர்களும் எழுதிவருகிறார்கள். மோகினிகள் தூக்கிப்போய்விடும் என்று பயந்து கிராமத்தார் உள்ளேயே நுழைந்ததில்லை என்று ஒரு கதையும் உண்டு. இதைப் பெரியவரிடம் சொன்னேன்.

"எங்கள் ஆடுகளுக்கு மோகினி பயம் கிடையாது, பாபுஜி!" என்று சிரித்தார். சிறு வயதில் கோடைதோறும் தகப்பனாரோடு மந்தையை ஓட்டிவந்து இங்கேயே தங்குவாராம்.

1982-இல் இது தேசியப் பூங்காவாயிற்று. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. 87.5 சதுர கிலோமீட்டர். மேய்ச்சல் நின்றுவிட்டது. ஆடு பூவைத் தின்றுவிடும் என்பது நியாயமான பயந்தான். ஆனால் ஆடு, பூவை மட்டுமா தின்றது? 'அமேலா' என்று ஒரு செடி. வெள்ளைப் பூவுடன் ஆளுயரம் புதராக வளர்ந்து, கீழே சிறு செடிகளுக்கு வெயில் படாமல் அடித்துவிடுகிறது. மந்தைகள் போனபின்தான் அது பெருகியது என்பார் உண்டு. அதை மறுக்கும் சாஸ்திரிகளும் உண்டு. வனத்துறையார் ஆள்விட்டுப் பிடுங்கிவருகிறார்கள். கூலி கொடுத்துச் செய்யும் இந்த வேலையில் கொஞ்சத்தையாவது ஆடுகள் இலவசமாகச் செய்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரவில் யாரும் இங்கே தங்கக் கூடாது. பொழுது சாயுமுன் திரும்ப வேண்டியிருந்தது. போகும்போது, "உங்கள் குடிசை எங்கே இருந்தது?" என்று கேட்டேன்.

பெரியவர் ஆற்றோரம் ஒரு சமவெளியைக் கைகாட்டினார். அமேலா தலைக்குமேல் வெள்ளையாகப் பூத்து நின்றது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மழை வருகிறது, பாபுஜி, அம்மாவைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள்" என்று மூட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.